குடுவைக்கு அடியில் ஒரு பெருக்கல் குறி

அமிலத்தை ஊற்றியாயிற்று. பீர்முகம்மது சார் ஸ்டாப் வாட்சை அழுத்தினார், டிக்கென்று சத்தம் கேட்டது, இனிமேல் என் கையில் ஒன்றும் இல்லை, எதிரே நிற்கிற ஜெபக்கனியின் கையிலும் இல்லை, இனி குடுவை பாடு. இருவரும் குனிந்து நிற்கிறோம். ஒரே குடுவைக்கு மேல் இரண்டு தலை. அவள் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனையும், குடுவையிலிருந்து தீக்குச்சி உரசிய நெடியும் சேர்ந்து வருகின்றன. அடியில் வெள்ளைத் தாள், தாளில் கறுப்பு மார்க்கரால் நானே போட்ட பெருக்கல் குறி. உள்ளே பத்து மில்லி ஹைப்போ உப்புக் கரைசல், நாற்பது மில்லி தண்ணீர், இப்போது ஐந்து மில்லி அமிலம். தண்ணீர் இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கந்தகம் பிரியும், தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத பொடி, தண்ணீர் மங்கும், வெளுக்கும், அப்புறம் அடியில் இருக்கும் குறி மறையும். மறைகிற வினாடியைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்துவிடும். இருபத்தாறு வருஷமாக நான் செய்து காட்டுகிறேன்.

இந்தக் குடுவைக்கு என் கணக்கு நூற்றுப் பதினொரு வினாடி. அவள் கணக்கு நூற்றைம்பத்தொன்று. ஒரே பாட்டிலில் இருந்து ஊற்றியது, ஒரே அமிலம், ஒரே தாள். நாற்பது வினாடி எங்கே போயிற்று? பல்கலைக்கழகப் பிராக்டிகல் தேர்வுக்கு ஒரு வழக்கம் உண்டு, காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன் நான் ஐந்து குடுவையும் செய்து பார்த்து ஐந்து நேரத்தையும் எழுதி வைப்பேன், அதுதான் ஸ்டாண்டர்டு, பிள்ளைகள் எடுக்கும் நேரம் அதற்குப் பக்கத்தில் இருந்தால் முப்பது மார்க், தள்ளிப் போகப் போகக் குறையும். உலகம்மாள் மேடம் எடுத்த ரீடிங் என்றால் அது கல்லில் எழுதின மாதிரி என்று இந்தக் கல்லூரியில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும், பிடிக்காது என்று சொன்னால் பொய். இருபத்து நான்கு பேர் எழுதினார்கள். இருபத்து மூன்று பேருடையதும் என் நேரத்தோடு அச்சு அசலாக ஒத்துப்போயிற்று. இந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குக் கை சுத்தம் என்று பூரித்துப்போனேன். ஒருத்தி மட்டும் எல்லாக் குடுவைக்கும் கூட்டி எழுதியிருந்தாள். ஜெபக்கனி, ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை பார்க்கிறவளின் மகள், வகுப்பில் கடைசிப் பெஞ்சு, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பாள். முப்பதுக்கு ஐந்து போட்டேன். ஐந்து போட்டால் மொத்தத்தில் அவள் ஃபெயில், ஃபெயில் என்றால் அடுத்த வருஷம்தான் மறுபடி, இந்த ஜூனில் சேர வேண்டிய எம்.எஸ்ஸி. போயிற்று. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சிவப்பு மையில் போட்டேன். "இது என்ன ரீடிங்? தூங்கிட்டே எடுத்தியா?" என்று கேட்டேன். "பாத்ததத்தான் எழுதினேன் மேடம்" என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்த பீர்முகம்மது சார்தான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மேடம், நான் ஒண்ணு சொல்லவா, கடைசிக் குடுவைய மட்டும் நம்ம முன்னால ஒரு தடவ செய்யட்டும். ஒரு வருஷம்லா போகுது புள்ளைக்கு" என்றார். நல்ல மனுஷர். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். சிரிக்கும்போதே இவர் இதைக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று இப்போது தெரிகிறது, குனிந்து நிற்கிற இந்த இருபது வினாடியில் தெரிகிறது, ஆனால் அதை நேராகப் பார்க்காமல் மனசு வேறு பக்கம் ஓடுகிறது. எனக்குப் பத்தொன்பது வயதில் முதன்முதலாக இதைச் செய்தேன். முதல் குடுவையில் ஐம்பது மில்லியும் ஹைப்போ, தண்ணீரே கிடையாது, அமிலத்தை ஊற்றி நிமிர்வதற்குள் குறி காணாமல் போயிற்று. அடுத்ததில் நாற்பது, பத்து தண்ணீர். அப்புறம் முப்பது. இருபது. பத்து. ஒவ்வொன்றுக்கும் நேரம் கூடிக்கொண்டே போனது, அதில் ஆச்சரியம் என்ன, தண்ணீர் விட்ட சாம்பார் சீக்கிரம் ருசிக்குமா, கூடத்தான் செய்யும். ஆனால் நேரத்தையும் ஹைப்போ அளவையும் பெருக்கிப் பார்க்கச் சொன்னார்கள். பெருக்கினேன். ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே எண். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பாதியாக்கினால் நேரம் இரட்டிப்பு, ஐந்தில் ஒன்றாக்கினால் ஐந்து மடங்கு, துளி கூடவும் இல்லை குறையவும் இல்லை. அதற்குள்ளே எண்ணத் தெரிந்த யார் இருக்கிறார்கள்? ஹைப்போவுக்குக் கணக்குத் தெரியாது. இந்தக் குடுவையில் நாம் கொஞ்சம் பேர்தான், ஆகையால் மெதுவாகப் போவோம் என்று அவை கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குத் திசையில்லாமல் ஓடுகிறது, எதிரே வருவதில் முட்டுகிறது, முட்டினால் சில நேரம் உடைகிறது, இல்லாவிட்டால் விலகிப் போகிறது. ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்துப் படித்துறையில் அடிக்கு ஒரு தோள் இடிக்கும், மறுநாள் அதே படித்துறையில் ஒரு ஆளையும் இடிக்காமல் குளித்துவிட்டு வரலாம், வித்தியாசம் அவ்வளவுதான். கோடி கோடிக் குருட்டு முட்டல், அதன் மொத்தம் ஒரு நேர்க்கோடு. அன்றைக்கு எனக்குச் சாமி கும்பிட்ட மாதிரி இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் வருஷா வருஷம் கரும்பலகையில் அந்தக் கோட்டை இழுக்கும்போது கை புல்லரிக்கும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள்.

"நாப்பது" என்கிறார் சார். பத்து பத்தாகச் சொல்லுகிறார். தண்ணீர் லேசாக நீலம் பாய்ந்து நிற்கிறது, மங்கத் தொடங்குவதற்கு முன்னால் வரும் நீலம். நன்றாகத் தெரிகிறது, குறி நன்றாகத் தெரிகிறது, எனக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் பயம். வெயில்! வெயிலை மறந்துவிட்டேனே. காலையில் ஏழரைக்கு நான் செய்தபோது ஆய்வகம் குளிர்ந்து கிடந்தது, இவள் செய்தது பன்னிரண்டு மணிக்கு, மேலே தகரக் கொட்டகை, உச்சி வெயில். சூடு மாறினால் வேகம் மாறும். அப்பாடா. மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது. சூடு கூடினால் வேகம் கூடும், நேரம் குறையும். இவளுக்கு என்னைவிடக் குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது. வெயில் எனக்குச் சாட்சி சொல்ல வரவில்லை, அவளுக்குச் சொல்ல வந்திருக்கிறது. அதைவிடக் கேவலம், மற்ற இருபத்து மூன்று பேரும் அதே உச்சி வெயிலில்தானே செய்தார்கள், அவர்களுக்கும் மாறியிருக்க வேண்டுமே, எப்படி என் காலை நேரத்தோடு வினாடி பிசகாமல் ஒத்துப்போயிற்று? ஒத்துப்போகவே கூடாதே! அட்டெண்டர் வன்னியராஜ். என் மேஜையில் இருந்த தாளைப் பார்த்திருப்பான், பாவம் பிள்ளைகள் என்று காதோடு காதாகச் சொல்லியிருப்பான், வருஷா வருஷம் சொல்லுவான்போல. இருபத்து மூன்று பேரும் குடுவைக்கு மேல் குனிந்து பார்த்திருப்பார்கள், குறி இருக்க இருக்கவே மறைந்துவிட்டது என்று எழுதியிருப்பார்கள். கண் இருந்தும். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று. நான் அதைப் பார்த்துக் கை சுத்தம் என்று பூரித்தேன். நல்ல டீச்சர்!

"எழுபது." ஜெபக்கனி இமைக்காமல் பார்க்கிறாள். உப்பளத்து வெள்ளையில் கண்ணைச் சுருக்கி வளர்ந்த பிள்ளை, அந்தச் சுருக்கம் இப்போதும் இருக்கிறது. எனக்குக் குறியின் ஓரம் கரைகிறது. கரைவது குடுவையிலா? மாசி மாசத்தில் இருந்தே தெரு விளக்கைச் சுற்றி ஒரு வட்டம். பஸ் போர்டு பக்கத்தில் வந்தால்தான் ஊர் பெயர். கண்ணாடியை மாற்றினேன், மாற்றின கண்ணாடியைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. போனால் சொல்லிவிடுவார்களே. அப்பாவுக்கும் இப்படித்தான் வட்டத்தில் ஆரம்பித்தது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குத் தனியார் பஸ் ஓட்டினார். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கண் பரிசோதனை உண்டு, அங்கே மாட்டியிருக்கும் அட்டையின் எழுத்துகளை என்னைப் பார்த்து வரிசையாக எழுதித் தரச் சொல்லி, திருப்பாவை மனப்பாடம் பண்ணுகிற மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒப்பித்துக்கொண்டு போனார். பாஸ். அப்புறம் லீவு நாளெல்லாம் என்னை இன்ஜின் மூடியின்மேல் உட்கார வைத்துக்கொள்வார். மகள்மேல் எவ்வளவு பிரியம் என்று கண்டக்டர் சொல்லுவார். எனக்குப் பன்னிரண்டு வயசு. மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருவேன், சைக்கிள்ப்பா, இடப்பக்கம் எருமைப்பா, கல் குவிச்சிருக்குப்பா. பின்னால் ஐம்பது பேர் வெற்றிலை போட்டுக்கொண்டும் தூங்கிக்கொண்டும் வருவார்கள். நான் பள்ளிக்கூடம் போன நாளில் அவருக்கு யார் சொன்னார்கள்? ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வருஷம் ஒன்றுமே நடக்கவில்லை, மாலை போட்டு ரிட்டயர் பண்ணி அனுப்பினார்கள். அந்த ஒன்றும் நடக்காததுதான் இப்போதும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

"நூறு." குறியின் ஒரு கால் போய்விட்டது. இன்னொரு கால் இருக்கிறதா, இருந்ததை நினைத்துக்கொள்கிறேனா? கண்ணை இடுக்கினேன். வெள்ளை. முழு வெள்ளை. எனக்கு மறைந்துவிட்டது. இந்த வெயிலில் என் நூற்றுப் பதினொன்றுகூட இன்னும் ஆகியிருக்காது. "நூத்திப் பத்து" என்றார் சார், தலையைத் தூக்காமல், "மேடம்?" அவர் பார்வை வாட்சில், கட்டை விரல் பொத்தானில். நான் 'உம்' என்றால் போதும். அந்த ஒரு சத்தத்துக்கு வாட்ச் நிற்கும், என் ஸ்டாண்டர்டு நிற்கும், என் பெயர் நிற்கும், ஜெபக்கனி அடுத்த வருஷம் வருவாள். இந்த அறையில் என்னை எதிர்த்து யார் பேசுவார்கள்? உதடு மூடிவிட்டது, 'உம்'முக்குத் தயாராக மூடிவிட்டது. "இருக்கு மேடம்" என்றாள் ஜெபக்கனி. குரலில் எதிர்ப்பு இல்லை. மழை பெய்கிறது என்று சொல்லுகிற மாதிரி, இருக்கு மேடம். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது, அந்தக் கோபம் வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. "ஓடட்டும் சார்" என்றேன். என் குரல்தான். யாரோ சொன்ன மாதிரி கேட்டது.

இனி நாற்பது வினாடி. வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கு இனி இதில் வேலை இல்லை, குருடி தேர் பார்க்க நின்ற கதை. சும்மா நிற்க முடியாமல் மனசு பெருக்குகிறது, பழக்கதோஷம். என் நேரங்கள் இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்தேழு, ஐம்பத்தைந்து, நூற்றுப் பதினொன்று. ஐம்பதை இருபத்திரண்டால் பெருக்கினால் ஆயிரத்து நூறு. பத்தை நூற்றுப் பதினொன்றால், ஆயிரத்து நூற்றுப் பத்து. நடுவில் உள்ளவையும் அந்தப் பக்கம்தான். சரியாகத்தானே இருக்கிறது, நேர்க்கோடுதானே, இதில் பிழை எங்கே? அவளுடையது முப்பது, முப்பத்தேழு, ஐம்பது, எழுபத்தாறு, நூற்றைம்பத்தொன்று. ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து. அதுவும் நேர்க்கோடு! சார் "நூத்தி இருவது" என்கிறார், எனக்குக் காதில் விழுகிறது, ஆனால் நான் வேறு இடத்தில் இருக்கிறேன். இரண்டும் நேர்க்கோடு. சரிவு வேறு, கோடு கோடுதான். என் கண்ணுக்குக் கொஞ்சம் கந்தகம் போதும், குறி மறைந்துவிடும், அவள் கண்ணுக்கு அதிகம் வேண்டும். ஆனால் அந்தக் 'கொஞ்சம்' எனக்கு ஐந்து குடுவையிலும் ஒரே கொஞ்சம். அதனால் பாதியாக்கினபோது எனக்கும் இரட்டித்தது. ஐந்தில் ஒன்றாக்கினபோது எனக்கும் ஐந்து மடங்கு. ஐயோ, என் கண் மங்கிக்கொண்டே இருந்தது, நான் கண்ணாடிக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே இருந்தேன், ஹைப்போ மங்கின கண்ணுக்கும் மாற்றிச் சொல்லவில்லை. பார்க்கிறவள் யார், பெரிய டீச்சரா, உப்பளத்துக்காரி மகளா, பார்வை உண்டா இல்லையா என்று அது கேட்கவே இல்லை. எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை வேகம், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். முதல் குடுவையிலிருந்து கடைசிக் குடுவைவரை ஒரே ஆள்தான் பார்க்க வேண்டும், கண்ணை மாற்றாதே என்று இருபத்தாறு வருஷமாகக் கத்துகிறேன், ஏன் அப்படிச் சொல்லுகிறேன் என்று இன்றைக்குத்தான் எனக்கே விளங்குகிறது. பத்தொன்பது வயசில் பேனாவைக் கீழே வைத்த அதே திகைப்பு, அதைவிடப் பெரியது, கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. முட்டட்டும், அதுதான் ஏற்கெனவே தெரியவில்லையே.

"சார், நீங்களும் ஒரு தடவ குனிஞ்சு பாருங்க" என்றேன். வாட்சோடு குனிந்தார். மூன்றாவது தலை, அத்தர் வாசனை. "தெரியுதே மேடம்" என்றார், "மங்கலாத்தான், ஆனா தெரியுது. உங்களுக்குத் தெரியலையா?" நான் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை, நல்ல மனுஷர் என்று சொன்னேனே. வாட்சைப் பார்த்து "நூத்தி நாப்பது" என்றார். ஜெபக்கனி மூச்சை அடக்கிக்கொண்டாள், அவள் கழுத்தில் நரம்பு ஒன்று எழும்பிற்று. அவளுக்கும் பயம் இருக்கிறது. அம்மா காலையில் உப்பு அரித்து வெளுத்த காலோடு உப்பு வாருவாள், மகள் வாத்தியாராக வருவாள் என்று ஊரில் சொல்லியிருப்பாள். இந்தப் பயத்தோடு, நான் என்ன சொல்ல விரும்புகிறேன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, மறைகிறவரை காத்துக்கொண்டு நிற்கிறாளே. நூற்றுப் பதினொன்றுக்கே போச்சு என்று சொல்லியிருந்தால் முப்பதுக்கு முப்பது. இருபத்து மூன்று பேர் சொன்னார்கள்.

"இப்ப போச்சு மேடம்."

டிக். "நூத்தி நாப்பத்தொம்பது" என்றார் சார். "ரெண்டு வினாடி வித்தியாசம். அவ்வளவுதான்." அவள் என்னைப் பார்க்கவில்லை, குடுவையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கழுவலாமா என்று கேட்பதற்காக நிற்கிறாள்.

நிமிர்ந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. "சார், இவ ரீடிங் சரி. அஞ்சும் சரி. ஸ்டாண்டர்டுதான் தப்பு."

"வெயிலா இருக்கும் மேடம், காலைல குளிர்ச்சி" என்றார், தப்பிக்க வழி திறந்துவிடுகிற குரலில். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்தவர். அவருக்கும் தெரியும் அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று.

"வெயில் இல்ல சார். எனக்குக் கண்ணு தெரியல."

சொல்லிவிட்டேன். மேலே மின்விசிறி சுற்றுகிறது. ஒன்றும் இடிந்து விழவில்லை. ஜெபக்கனிதான் சட்டென்று தலை நிமிர்ந்தாள். சார் கொஞ்ச நேரம் தாளைப் புரட்டினார், ஒவ்வொரு விடைத்தாளாக, நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பதினொன்று. "அப்போ இந்த இருபத்து மூணு பேரு?" என்று கேட்டார்.

"அவங்க பாக்கவே இல்ல சார். என் கண்ணத்தான் காப்பி அடிச்சிருக்காங்க. நாளைக்கு எல்லாரும் திரும்பச் செய்யணும்."

"பல்கலைக்கழகத்துக்கு எழுதணுமே மேடம். மார்க்க அடிச்சா பக்கத்துல காரணம் கேப்பாங்க. ஃபைல்ல நிக்கும். லேபு உங்கள விட்டுப் போயிரும், யோசிச்சுக்கோங்க."

யோசிக்க என்ன இருக்கிறது, நூற்றைம்பது வினாடியாக அதைத்தானே செய்தேன். போகும். ஆய்வகச் சாவி போகும், மார்க்கர் போகும், காலை ஏழரை மணி போகும், உள்ளே ஏதோ பிய்கிற மாதிரிதான் இருக்கிறது. மார்க் பட்டியலைப் பக்கத்தில் இழுத்தேன். ஐந்தை அடித்தேன், முப்பது போட்டேன். காரணம் எழுதும் கட்டத்தின் கோடு எனக்குக் கலங்கித் தெரிந்தது. "ஜெபக்கனி, கட்டம் எங்க ஆரம்பிக்குன்னு விரல வை" என்றேன். குடுவையை விட்டு வந்து வைத்தாள், ஆட்காட்டி விரல், நகத்தில் கந்தக வெள்ளை. அதை ஒட்டிப் பேனாவை வைத்து, பெரிய எழுத்தில், ஸ்டாண்டர்டு எடுத்த ஆசிரியைக்குப் பார்வை குறைவு என்று எழுதினேன். கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளைச் சார் பக்கம் தள்ளினேன்.